கெய்ரோவில் ஒரு நில அளவை

கும்பகோணம் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் நில அளவையராக இருந்தேன். காகிதத்தில் இருப்பது வயலில் இருக்காது, வயலில் இருப்பது காகிதத்தில் இருக்காது. அதனால் யார் எதைச் சொன்னாலும் முதலில் சந்தேகம்தான் வரும். கெய்ரோவில் வேலை பார்க்கும் மகள் எங்களைக் கூப்பிட்டபோது, "உங்க சந்தேகத்த ஊர்லயே பூட்டி வெச்சிட்டு வாங்க" என்றாள் மனைவி.

மகள் ஒரு ஓட்டுநரை ஏற்பாடு செய்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். நாலு ஆங்கிலச் சொல் தெரியும், எதற்கும் சிரிப்பார். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

பழைய அருங்காட்சியகத்தில் நான் பார்க்க விரும்பியது ஒரே ஒரு கற்சிலை. படத்தில் பார்த்திருந்தேன். மண்டியிட்ட ஓர் அதிகாரி, மடியில் அளவுக்கயிற்றுச் சுருள். அந்தக் காலத்தில் நைல் வெள்ளம் வருடாவருடம் வரப்பை அழித்துவிடுமாம். வடிந்ததும் கயிறு பிடித்து மறுபடி அளப்பார்களாம். கொள்ளிடக்கரைக்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

போய்ப் பார்த்தால் பீடம் மட்டும் இருந்தது. மேலே ஒரு சீட்டு: புதிய அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டது. எங்கள் பக்கத்துக் கோயிலில் பீடம் காலியாக இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். சீட்டில் இருந்த எண்ணைப் படம் எடுத்துக்கொண்டேன்.

"நாளைக்கு அங்க போய்ச் சரிபாக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"பின்ன? சீட்டு ஒட்டுறது யாருக்குத்தான் தெரியாது?"

மறுநாள் ஓட்டுநர் எங்களை வேறு ஏதோ வழியில் கொண்டுபோனார். இரண்டு பக்கமும் பாதி இடித்த கட்டடங்கள். மூன்றாவது மாடியில் நீல வண்ணம் பூசிய ஒரு சுவர் மட்டும் நின்றது, அதில் ஆணியில் ஒரு நாள்காட்டி. பிறகு புத்தம்புதிய மேம்பாலம். அதன் அடியில், ஆளே இல்லாத பொட்டலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

"தாலிக்கொடிய உள்ள போடு" என்றேன் மனைவியிடம்.

ஓட்டுநர் தூணுக்குத் தூண் நடந்து, திரும்பி வந்து உட்கார்ந்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "என் வீடு. இங்கே. எங்கே என்று தெரியவில்லை" என்றார்.

"கதை கட்டுறான்" என்று தமிழில் முணுமுணுத்தேன்.

புதிய அருங்காட்சியகம் விமான நிலையம் மாதிரி இருந்தது. தேடித் தேடிக் கயிற்றுக்காரரைக் கண்டுபிடித்தேன். எண் சரி. உடைந்த மூக்கு சரி. சுருளை எண்ணினேன், படத்தில் இருந்த அதே எண்ணிக்கை.

"அவர்தானே?"

"அவர்தான்" என்றேன். சந்தோஷத்தோடு கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

திரும்பும்போது பாலத்தடியில் நிறுத்தச் சொன்னது நான்தான். பழைய தெருவில் இன்னும் எது மிச்சம் என்று பாதி ஆங்கிலத்திலும் பாதி சைகையிலும் கேட்டேன். ஒரு பள்ளிவாசல், ஒரு அத்திமரம். இரண்டு நிலையான புள்ளி கிடைத்தால் போதும். பள்ளிவாசல் வாசலிலிருந்து தொழுகை முடிந்து வீட்டுக்கு நடப்பது போல நடக்கச் சொன்னேன். பிறகு மரத்திலிருந்து. கண்ணை மூடிக்கொண்டு நடந்தார், நான் பின்னாலேயே அடி எண்ணிக்கொண்டு போனேன். இரண்டு நடையும் ஒரு தூணருகே வந்து முட்டின. அவர் அங்கேயே நின்று அம்மாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டார். போனுக்குள் ஒரு கிழவி சத்தம் போட்டாள்.

"தப்பாம். இன்னும் இடது பக்கமாம்" என்றார் ஓட்டுநர், சிரிப்பும் அழுகையுமாக. மூன்றடி நகர்ந்தோம். கிழவி அடங்கினாள்.

வண்டி ஏறியதும் யாரிடமும் சொல்லாததை மனைவியிடம் சொன்னேன். தாராசுரம் தாண்டி ஒரு புறவழிச்சாலைக்கு நிலம் எடுத்தபோது, ஒரு விவசாயி வெறும் தரையைக் காட்டி, "இங்க தூந்துபோன கெணறு ஒண்ணு இருக்குங்க, எழுதிக்குங்க" என்றார். கூடுதல் நஷ்டஈடு வாங்கப் பொய் சொல்கிறார் என்று நினைத்து, கிணறு இல்லை என்று எழுதினேன். மண் வெட்டும் இயந்திரம் இறங்கியபோது கிணற்றின் செங்கல் உறை வெளியே வந்தது. நான் பார்த்தேன். கோப்பு மேலே போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அந்த மனுஷன் இருக்காரா?"

"இல்ல. மகன் இருக்காப்புல."

ஊர் திரும்பிய வாரமே போனேன். மகன் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெல்லைத் துழாவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இத்தனை வருடம் கழித்து எதற்காக வந்திருக்கிறேன் என்று யோசிக்கிற பார்வை.

"இப்ப எதுலயாச்சும் கையெழுத்துப் போடணுங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க. சொல்லத்தான் வந்தேன்."

அவர் நம்பவில்லை. ஆனால் உட்கார நாற்காலி போட்டார்.