அடுக்களைக்கு எந்த வெள்ளை

ஐப்பசி மழையில் எங்கள் ஓசூர் வீட்டு அடுக்களையின் கூரை ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. நான் கல்யாணமாகி வந்த இரண்டாவது வருஷம் அது. யாருக்கும் அடிபடவில்லை. உடைந்த ஓடுகளை அள்ளிக் கொட்டியபின், கை வைத்ததுதான் வைத்தோம், முழுவதையும் புதுப்பித்துவிடலாம் என்று என் கணவரும் அவருடைய அண்ணனும் முடிவு செய்தார்கள்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர்தான். என் கணவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அண்ணன் தளிப் பக்கத்துக் காய்கறியை லாரியில் பெங்களூருக்கு அனுப்பும் வியாபாரம் செய்துவந்தார். அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். குழந்தைகள் இல்லை. நான் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த அடுக்களை அவர் கையில் இருந்தது. நான் காய் நறுக்குவேன், மசாலா அரைப்பேன். அடுப்பு முன்னால் உட்காருவது அவர்தான்.

"சமையக்கட்டு உங்க ரெண்டு பேரோடது. தரை, செவுரு, அலமாரி எல்லாம் நீங்களே பேசிக்கோங்க. எங்களக் கேக்க வேணாம்" என்றார் அண்ணன்.

அந்த வீட்டில் என்னிடம் ஒரு விஷயம் கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை. சேலத்தில் என் மாமா வீட்டுச் சமையலறையை அப்படியே மனதில் வைத்திருந்தேன். காவி போட்டு முகம் தெரிய மெழுகிய சிவப்புச் சிமெண்டுத் தரை. கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி. இளம்பச்சைச் சுவர். சிமெண்டுக்குப் பெர்மிட் வேண்டியிருந்த காலம். அதை என் கணவர் வாங்கிவிடுவார் என்று தெரியும்.

அக்கா எதற்கும் சம்மதிக்கவில்லை.

"தரைக்குக் கடப்பைக் கல்லு. கறுப்பா இருக்கணும். அலமாரிக்குக் கதவு வேணாம், வெறும் பலகை போதும். செவுரு வெள்ளை."

"வெள்ளைன்னா ரெண்டே மாசத்துல புகை ஏறிப் போயிடும்க்கா. பச்சை அடிச்சா அழுக்குத் தெரியாது."

"அழுக்குத் தெரிஞ்சா மறுபடி அடிச்சிக்கலாம்."

"சரி, வெள்ளையே இருக்கட்டும். கொஞ்சம் நீலமாவது கலந்தா பளிச்சுன்னு இருக்கும்."

"பேடா" என்றார். வேண்டாம் என்று அர்த்தம். எரிச்சல் வந்தால் அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கன்னடம் வந்துவிடும். "நீலம் பேடா. சுத்த வெள்ளை."

கதவில்லாத அலமாரி எலிக்குத்தான் வசதி என்று நான் சொன்னபோது எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். என்னை மட்டம் தட்டத்தான் ஒவ்வொன்றுக்கும் நேரெதிராகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அன்றிரவு என் கணவரிடம் அப்படியே சொல்லவும் சொன்னேன். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வேலை நடந்த நாட்களில் கொல்லையில் கீற்றுப் பந்தல் போட்டு அதன்கீழ் சமையல் நடந்தது. நல்ல வெயில் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில்தான் அக்காவின் சமையல் தடுமாறியது. குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. கடுகு டப்பாவை எடுக்கப் போய் மிளகை எடுத்தார். இடம் மாறியதால் வந்த கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

கல் பாவி முடிந்து, பலகைகளும் அடித்தபின், வெள்ளையடிக்க மேஸ்திரி வந்தார். தெலுங்குக்காரர். எங்கள் சண்டை அவர் காதுக்கும் போயிருக்க வேண்டும். சுவரில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று பட்டை அடித்துக் காயவிட்டார். முதலாவது வெறும் சுண்ணாம்பு. நடுவில் இருந்தது துளி மஞ்சள் பொடி கலந்தது. கடைசியில் நீலம் போட்டது.

"மூணும் வெள்ளைதானம்மா. எது வேணுமோ காட்டுங்க" என்றார்.

அக்கா சுவருக்கு மிக அருகில் போய் நின்றார். நடுப் பட்டையை விரலால் தேய்த்துப் பார்த்தார். "இதான் சுத்த வெள்ளை. இதையே அடிங்க."

மேஸ்திரி சிரித்துவிட்டார். "அதுலதாம்மா மஞ்ச சேத்திருக்குது!"

"தெரியும். சும்மா சொன்னன்" என்றார் அக்கா. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த மஞ்சள் வாசலில் நின்றாலே தெரியும்.

"வெறும் சுண்ணாம்பே அடிச்சிடுங்க" என்று மேஸ்திரியிடம் சொன்னேன்.

மத்தியானம் கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கும்போது கேட்டேன். "எத்தனை நாளா இப்பிடி?"

அவர் சாம்பலை எடுத்துச் சட்டியில் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "ரெண்டு வருசம் இருக்கும். பனி மூடின மாதிரி. வெளிச்சத்துல இன்னும் மோசம்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா அடுப்ப விட்டு எழுந்திருன்னு சொல்லுவாங்க. அப்பறம் இந்த வீட்ல எனக்கு என்னா வேலை?"

அதற்குமேல் அவரே விவரம் சொன்னார், கணக்குப் பாடம் சொல்வதுபோல. கறுப்புக் கல்லில் அரிசி சிந்தினால் தெரியும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் கரிப்பானை எங்கே இருக்கிறது என்று தெரியும். கதவில்லாவிட்டால் கை நேராகப் போய் டப்பாவைத் தொடும். கண்ணாடிக் கதவு திறந்திருப்பது தெரியாமல் நெற்றியில் இடித்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. எனக்கு இருந்த ஒரே காரணம் சேலத்து மாமா வீடு.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். சரி என்றேன். நாலு நாள் அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன். ஐந்தாம் நாள் அவருடைய முந்தானை அடுப்பில் பட்டுக் கருகியது. நான் தண்ணீர் ஊற்றும்வரை அது அவருக்குத் தெரியவே இல்லை. சாயந்திரம் என் கணவரிடம் சொல்லிவிட்டேன். அவர் அண்ணனிடம் சொன்னார். அண்ணன், "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

அக்கா அதன்பின் பத்து நாள் என்னோடு பேசவில்லை. கண்ணைக் காட்டப் பெங்களூருக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். அப்போதும் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் கண்புரை என்றார்கள். வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். இருமக்கூடாது, சிரிக்கக்கூடாது. நான் கஞ்சியை ஸ்பூனால் ஊட்டினேன். மூன்றாம் நாள் அவர், "உப்பு பத்தல" என்றார். எங்களுக்குள் பேச்சு மறுபடி அப்படித்தான் ஆரம்பித்தது.

திரும்பும் வழியில் மாநில எல்லையான ஜூஜுவாடியில் மதுவிலக்குக் காவலர்கள் பஸ்ஸை நிறுத்திப் பைகளைத் திறந்து பார்த்தார்கள். கண்கட்டோடு இருந்த அக்காவின் பையில் கஷாயச் சீசா ஒன்று இருந்தது. காவலர் அதை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்துத் திருப்பிக் கொடுத்தார். என்ன நடந்தது என்று நான் சொன்னதும், சிரிக்கக்கூடாது என்ற உத்தரவு அப்போதும் இருக்கவே, அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

கனமான கண்ணாடி வந்து, அதைப் போட்டுக்கொண்டு அடுக்களைக்குள் முதல் தடவை வந்தபோது சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யார் இதுல நீலம் கலந்தது?"

யாரும் கலக்கவில்லை என்றேன். நம்பவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டனுப்பினார், அவரும் சத்தியம் செய்தார். புரை எடுத்த கண்ணுக்கு வெள்ளை கொஞ்ச காலம் நீலமாகத் தெரியும் என்று பின்னால் டாக்டர் சொன்னார். அதையும் அக்கா முழுதாக நம்பினாரா என்று சொல்ல முடியாது.

அவர் பயந்தது ஒரு விதத்தில் நடந்தது. புதுக் கண்ணாடியில் எல்லாம் பெரிதாக, கிட்டத்தில் இருப்பதாகத் தெரிந்தது. எண்ணெயை வாணலிக்கு இப்பால் ஊற்றினார். அதனால் மூன்று மாதம் நான் அடுப்பின் முன் உட்கார்ந்தேன். அவர் மணையில் உட்கார்ந்து பருப்பு பொறுக்கினார், குறை சொன்னார்.

நாலாவது மாதம் ஒரு காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவர் அடுப்பை மூட்டி உலை வைத்திருந்தார். நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்குள் அந்த இடம் எனக்குப் பழகியிருந்தது. அதை முகத்தில் காட்டாமல் காய்கறிக் கூடையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ராத்திரிச் சமையல நீயே பண்ணு. புகைல இந்தக் கண்ணு எரியுது" என்றார்.

காலைப் புகையும் அதே புகைதான். "சரிக்கா" என்றேன்.