கையேட்டில் எழுதிய ஒரு வரி

புவாண்ட்-கிளேர் நகரில் உள்ள எங்கள் அலுவலகத்தில், ஏஐ ஏஜெண்டுகள் எனும் தானியங்கி நிரல்கள் வேறொரு கணினியில் தாமாகவே கட்டளைகளை இயக்க உதவும் கருவிக்குக் கையேடு எழுதியவன் நான்தான். கோப்புறையை அழிக்கும் கட்டளைக்கு உதாரணமாக, எங்கள் சோதனைக் கணினியில் கண்ணில் பட்ட கோப்புறையின் பெயரையே சோம்பலில் போட்டேன். 'இது உதாரணம் மட்டுமே' என்ற எச்சரிக்கையை, வழக்கம்போல, பக்கத்தின் அடியில் வைத்தேன்.

ஒரு நாள் காலை ஓர் ஏஜெண்டிடம், "கையேட்டைப் படித்துக் கருவியை இயக்கிப் பார்" என்றேன். அது என் வரியை அப்படியே இயக்கி, அந்தக் கோப்புறையை அழித்துவிட்டது. காரணம் கேட்டேன். 'கையேட்டில் உள்ளபடி' என்றது.

அந்தக் கோப்புறை பக்கத்து மேசைக்காரருடையது; மன்னார் ஊர்க்காரர் என்பதால் எங்களுக்கு அவர் மன்னார் அண்ணை. இறந்துபோன மனைவியின் குரல் பதிவுகளை இரைச்சல் நீக்கிச் சுத்தம் செய்ய அதில் போட்டு வைத்திருந்தார். பதிவுகள் இருந்த பழைய ஃபோன் உடைந்துவிட்டது. வேறு பிரதி இல்லை.

"அண்ணே, சும்மா உதாரணத்துக்குத்தான் எழுதினேன்."

"ஓம் தம்பி. ஏஜெண்டுக்கு அது விளங்காதுதானே. உங்களுக்கு விளங்கும்."

அவர் தன் மேசைக்குத் திரும்பிப் போனார்.

கையேட்டைத் திருத்திவிட்டேன். இப்போது அங்கே எங்குமே இல்லாத ஒரு கோப்புறையின் பெயர் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், நான் ஒருமுறைகூடக் கேட்டிராத அந்தக் குரல் என்ன சொல்லியிருக்கும் என்று நினைக்கிறேன். அவரிடம் கேட்க இன்னும் துணிவு வரவில்லை.