மூன்றாவது சாஸ்திரியின் டப்பா

என் அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. மேலே ஒட்டிய ஜிகினாத்தாள் உரிந்து, உள்ளே இருக்கும் தகரம் பல்லிளிக்கிறது. வீட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் என் மகள் அதைப் பழைய சாமான்காரரிடம் போடப் பார்ப்பாள். நான் பிடுங்கி வைத்துக்கொள்வேன். எழுபதுகளின் நடுவில் ஒரு கிறிஸ்துமஸ் நாடகத்தில், போடியில் எங்கள் தேவாலயத்து மேடையில், அதைக் கையில் ஏந்திக்கொண்டு வாயடைத்து நின்றவள் நான்.

எனக்குத் திக்குவாய். வீட்டில் யாரும் கேலி செய்ததில்லை. அதைவிடப் பெரிய உபகாரம் செய்தார்கள். நான் ‘த’ என்று ஆரம்பித்தால் அம்மா தண்ணீரோடு வந்து நிற்பாள். நான் கேட்க வந்தது தட்டாக இருக்கும். தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன். அன்பினால்தான் செய்தார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் வாய்வரை வந்த சொல்லை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போகும்போது அழுகை அழுகையாக வரும். அதைச் சொல்லலாம் என்றால் அதற்கும் வாய் வேண்டுமே! கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் எனக்கு ஆடு வேஷம்தான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேய்ப்பர்கள் பக்கத்தில் மண்டியிட்டால் போதும். ஆட்டுக்கு வசனம் கிடையாது.

அப்போதுதான் ஞாயிறு பள்ளிக்கு டீச்சரக்கா வந்தார். கல்யாணமாகாதவர், வயது இருபதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். மற்ற நாட்களில் என் அம்மாவோடு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குவார். அதனால் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டி வந்தாலும் விரல்களில் ஏலக்காய் மணக்கும். அவர் வகுப்பில் ஒரே ஒரு சட்டம் உண்டு. வேதவசனம் ஒப்பிக்கிற பிள்ளை நடுவில் நின்றுவிட்டால் வேறு யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. யாராவது வாயைத் திறந்தால் ஜீப்பை மறிப்பதுபோல் உள்ளங்கையை உயர்த்துவார். “அவ வாயில இருக்கத அவளே எடுக்கட்டும். நமக்கென்ன, வெரசா போயி ஆகவேண்டிய சோலியா கெடக்கு?” என்பார். மற்ற பிள்ளைகள் நெளிவார்கள். அவர் மட்டும், நான் சொல்லப்போவது தனக்கு நிஜமாகவே வேண்டும் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார். பரிதாபம் இல்லாத ஒரு முகத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான்.

அந்த வருஷம், “நீ ஆடு இல்லத்தா, மூணாவது சாஸ்திரி” என்று சொல்லிவிட்டார். பாலகன் இயேசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் காணிக்கை வைத்தார்கள் அல்லவா? அந்த வெள்ளைப்போளம் என் பங்கு. அம்மா பதறிப்போனாள்.

“சபை முன்னாடி நிப்பாட்டி எம்புள்ளைய அழ வச்சிராத தாயி.”

“அழுதா தொடச்சிக்கிருவா, மதினி. காலம் பூரா ஆடாவே இருந்தா என்ன செய்வீக?”

வெள்ளைப்போளம் என்றால் என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியாது. டீச்சரக்காவுக்கும் தெரியாது. “வாசனைச் சாமானாம். நம்ம ஊர்ல வாசனைக்கா பஞ்சம்?” என்று கடை முதலாளியிடம் கேட்டு, வெடித்த ஏலக்காயாக ஒரு கை வாங்கி, ஜிகினாத்தாள் ஒட்டிய பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

இலவம்பஞ்சில் செய்த தாடி மூக்கை அரித்தது. முதல் இரண்டு சாஸ்திரிகளும் கடகடவென்று சொல்லிவிட்டு விலகினார்கள். நான் மண்டியிட்டேன். “பாலகரே, உமக்கு” என்பது வரைக்கும் எப்படியோ வந்தது. பிறகு ‘வெ’ தொண்டையில் நின்றுவிட்டது. முன்வரிசையில் இருந்த, சபையை நடத்துகிற உபதேசியார், பாவம், நல்ல மனுஷன், “வெள்ளைப்…” என்று எடுத்துக்கொடுக்க ஆரம்பித்தார். சேலைத் திரைக்குப் பின்னாலிருந்து டீச்சரக்கா வெளியே வந்து, அவரைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினார். உபதேசியாரை! அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

டப்பாவை முன்னால் நீட்டியதில் மூடி கழன்று விழுந்தது. ஏலக்காய் வாசனை குப்பென்று ஏறியது. என் வாயிலிருந்து ஒரு சொல் தடுக்காமல் வந்தது.

“ஏலக்காய் கொண்டுவந்தேன்.”

சபை கொல்லென்று சிரித்தது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. டீச்சரக்கா அசையவில்லை. “சரியாத்தான சொல்லுது! போடியில இருந்து பொறப்படுற சாஸ்திரி வேற எதக் கொண்டு போவாரு?” என்று சத்தமாகக் கேட்டார். மறுபடியும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு. இதில் நானும் சேர்ந்து சிரித்தேன், தாடி கீழே விழுகிற அளவுக்கு.

திக்குவாய் அன்றோடு போய்விடவில்லை. இன்றும் இருக்கிறது. நர்ஸ் வேலையில் இருந்த காலமெல்லாம் திக்கித் திக்கித்தான் பேசினேன். ஆனால் பேசினேன். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்காமல் எந்த இடத்தை விட்டும் எழுந்து போனதில்லை. டீச்சரக்கா மட்டும் அன்றிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, சாஸ்திரி என்றுதான்.

போன மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போடிக்குப் போனேன். அந்த டப்பா நிறைய ஏலக்காய் கொண்டுபோனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பேச்சு சரியாக வரவில்லை என்று, அவரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் மகள் வருத்தத்தோடு சொன்னாள். டப்பாவைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். குனிந்து முகர்ந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். உதடு துடித்தது.

“சா… சா…”

“சாப்பாடா அத்தை? இப்பத்தான சாப்பிட்டீக” என்று அண்ணன் மகள் ஓடி வந்தாள்.

நான் அவளைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினேன்.

அவள் ஒன்றும் புரியாமல் நின்றாள். நான் டீச்சரக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு சோலி எதுவும் இல்லை. தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது.

“சாஸ்…திரி” என்றார்.

பிறகு, நன்றாக இருந்த கையைத் தூக்கி, தாடியைத் தேடுவதுபோல் என் மோவாயைத் தடவினார்.