ஆர்லிஸ் திருப்பிய திருகு

என் பக்கத்து வீட்டு ஆர்லிஸ் எடுத்த காரியத்தை லேசில் விடமாட்டாள். சீஸ் ஆலையில் நாங்கள் இருவரும் ஒரே மேஜையில் பல வருஷம் நின்று வேலை பார்த்திருக்கிறோம். சூப்பர்வைசரே அவளிடம் வாய் கொடுக்கப் பயப்படுவார். அப்பேர்ப்பட்டவளால் தன் புருஷன் டெல்மாரை ஒரு மரத்திலிருந்து இறக்க முடியவில்லை.

அவர்கள் நிலத்தின் ஓரத்தில் நிற்கும் ஓக் மரம் அது. உச்சியில் இருக்கை பொருத்திய இரும்பு ஏணியைச் சாத்தி, கீழிருந்தே அவிழ்க்கும்படி கயிறுகளால் மரத்தோடு கட்டி வைத்திருந்தார் டெல்மார். விஸ்கான்சினில் எங்கள் பக்கத்தில் செப்டம்பர் வந்துவிட்டால் பாதி ஊர் இப்படி மரத்தில்தான் குடியிருக்கும், மடியில் வில்லோடு, மான் வருமென்று. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போன வருஷம் டெல்மார் அந்த ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது. தோள் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றுவிட்டது.

இந்தக் கோடை முழுக்க அந்த வீட்டில் இதே பேச்சுதான்.

"ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"அவரு மீன் பிடிக்கிற ஆளு. மரத்தப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

"இன்சூரன்ஸ்காரன் என்ன சொன்னான்?"

"அவன் ஏற வேணாம். நான் ஏறிக்கிறேன்."

ஆனால் டெல்மாருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள், கொல்லையில் வைக்கோல் கட்டில் ஒரு பேப்பர் தட்டைக் குத்தி வைத்து மூன்று அம்பு விடுவார். மூன்றும் தட்டுக்குள் விழ வேண்டும். ஒன்று தப்பினாலும் அந்த வருஷம் வில்லைத் தொடமாட்டார். அரைகுறையாக அடிபட்ட மான் சதுப்புக்குள் ஓடி, நாள் கணக்கில் கிடந்து சாகும். அந்தப் பாவம் வேண்டாம் என்பார்.

கோடை முழுக்க அவர் அம்பு விட்டுப் பழகுவதை ஆர்லிஸ் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாய்ந்த தோளால் அம்புகள் தட்டின் இடது ஓரத்தை உரசிக்கொண்டு விழுந்தன. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிவிட்டால் தட்டையே தாண்டிவிடும், ஏணிக்கும் வேலை இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. அது என்னிடம்கூடச் சொல்லாத ரகசியம்.

வில்லின் கைப்பிடிக்கு மேலே ஒரு வளையம், அதற்குள் பச்சையாக மினுங்கும் ஒரு ஊசி. அந்த ஊசியைக் குறியின் மேல் நிறுத்தித்தான் அம்பை விடுவது. டெல்மார் குளிக்கப் போன சமயம் பார்த்து, திருகு முடுக்கும் ஆலன் கீயை எடுத்துத் திருகைத் தளர்த்தி, ஊசியை இடப்பக்கம் நகர்த்தி, மறுபடி முறுக்கி வைத்துவிட்டாள்.

விஷயம் தெரியாதவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது. ஊசி இடப்பக்கம் போனால், அதைத் தட்டின் நடுவில் நிறுத்துவதற்கு வில்லை வலப்பக்கம் கொண்டு போயாக வேண்டும். அம்பும் வலப்பக்கம் வந்துவிடும்.

மறுநாள்தான் அந்த மூன்று அம்புச் சோதனை. சாயங்காலம் நான் பீர் டப்பாவோடு வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தேன். முதல் அம்பு நட்டநடுவில் விழுந்தது. இரண்டாவது அதற்குப் பக்கத்தில். மூன்றாவது முந்தின அம்பின் இறகைப் பிய்த்துக்கொண்டு நின்றது. டெல்மார் வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொல்லையைச் சுற்றி ஒரு ஆட்டமே போட்டார். படியில் நின்ற ஆர்லிஸுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னடி, பேயைப் பாத்த மாதிரி நிக்கிற?" என்றேன்.

டெல்மார் சந்தோஷத்தில் எனக்கும் பிராந்தி கலந்து கொடுத்து அவர்கள் சமையலறையில் உட்கார வைத்தார். விடியுமுன் ஏறிவிடுவதாகச் சொல்லிக்கொண்டே மான் சாசேஜை வாணலியில் புரட்டினார். ஆர்லிஸ் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"டெல், உன் வில்லு ஊசிய நகத்தினது நான்தான்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். நீ தோக்கணும்னு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சாய்ந்த தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "அம்பு எந்தப் பக்கம் போகுதோ ஊசியும் அதே பக்கம் போகணும்டி. கோடை பூரா நான் சரி பண்ணாம வீம்புக்கு இருந்தத நீ ஒரே திருகுல சரி பண்ணிட்டியே."

"சிரிக்காத."

"பின்ன என்ன, அழவா?"

"நான் அழுதேன்" என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. "நீ விழுந்த அன்னைக்கு இருட்டுற நேரம் உன்னைத் தேடி வந்தேன்ல. நீ மரத்தடியில அசையாம கெடந்த. பேரச் சொல்லிக் கூப்பிட்டேன், நீ பேசல. செத்துட்டன்னே நெனச்சு உன் பக்கத்துல உக்காந்துட்டேன். ஓடி ஆளக் கூப்பிடக்கூடத் தோணல. அப்புறந்தான் நீ முனகின. எனக்குப் பயமா இருக்கு டெல். நீ ஏறும்போதெல்லாம் பயமா இருக்கு."

வாணலியில் சாசேஜ் கருகும் வாசம் வந்தது. எழுந்து போய் அடுப்பை அணைத்தது நான்தான்.

"இத ஏன் இத்தன நாளு சொல்லல?"

"எத்தன தடவ சொன்னேன்?"

"டாக்டர் சொன்னாருன்ன. இன்சூரன்ஸ்காரன் சொன்னான்ன. உனக்குப் பயம்னு ஒரு தடவ சொல்லியிருந்தா அன்னைக்கே ஏணிய எறக்கியிருப்பேனே."

டெல்மார் டார்ச் விளக்கையும் கதவோரம் கிடந்த பூட்ஸையும் எடுத்தார். காலையில் பார்த்துக்கொள்ளலாமே என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. ஓக் மரத்தடியில் ஆர்லிஸ் விளக்கைப் பிடிக்க, அவர் கீழே நின்றபடியே கட்டுகளை அவிழ்த்து, ஏணியை இருக்கையோடு சேர்த்துப் புல்லில் சாய்த்தார்.