பித்தளைக் கம்பி

எங்கள் அப்பா இரும்புக்குப் பயந்தவர். ஒன்பது வயதில் இதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அவருடைய மோட்டார் சைக்கிள் என்னைவிட இருபது வயது மூத்தது. பதிவைப் புதுப்பிக்கக் கொண்டுபோனபோது அதிகாரி ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் வந்ததும் அது இறுகி நின்றுகொண்டது. கழுத்து பேரிங் போய்விட்டது, மாற்றிவிட்டு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் வந்தால் சரி, இல்லையென்றால் வண்டி காயலான் கடைக்குத்தான் என்று சொல்லிவிட்டார். வண்டி இல்லாவிட்டால் நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனிக்கு விடிகாலை வேலைக்குப் போக அப்பாவுக்கு வேறு வழியில்லை. மெக்கானிக்கோ ஊர்ப் பொங்கலுக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அப்பாவே முற்றத்தில் வண்டியைப் பிரித்தார். முன்சக்கரம், ஃபோர்க் எல்லாம் கழன்று வந்துவிட்டன. கழுத்துக் குழாய்க்குள் மேலும் கீழும் இறுகியிருந்த, பேரிங் குண்டுகள் உட்காரும் இரண்டு இரும்புக் கிண்ணங்கள்தான் வரவில்லை. அவற்றைத் தட்டி எடுத்தால்தான் புதியவை ஏறும். அப்பா ஒரு பித்தளைக் கம்பியை வைத்து மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தார். பொறி பறக்கும் என்று கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் இரும்பு நுழையக்கூடாது, சரி. எங்கள் முற்றத்தில் மருந்து ஏது? கம்பி மழுங்கியது, கிண்ணம் அசையவில்லை. மணி பன்னிரண்டாகிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மா சாத்தூர்ப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பெண், வயலில் கடப்பாரை பிடித்த கை.

"இப்படித் தடவிக்கிட்டு இருந்தீகன்னா பொழுது போயிரும். தள்ளுங்க அங்கன" என்று இரும்புக் கம்பியையும் சம்மட்டியையும் எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாம், சொன்னாக் கேளு" என்றார் அப்பா.

முதல் அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது அடியில் சின்னதாக ஒரு பொறி பறந்தது. அவ்வளவுதான், அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். வாசல் தாண்டி, தெரு தாண்டி, ரோடு வரைக்கும். அக்கம்பக்கத்து வீட்டார் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். எனக்கு மானமே போய்விட்டது.

திரும்பி வந்தபோது அம்மா கழன்ற கிண்ணங்கள் இரண்டையும் கையில் வைத்திருந்தாள்.

"கட்டுன பொண்டாட்டிய விட்டுட்டு இம்புட்டு தூரம் ஓடுவீகளா!"

அப்பாவும் சிரித்தார். ஆனால் கிரீஸில் பேரிங் குண்டுகளைப் பதிக்க அவர் வண்டிப் பக்கம் வரவில்லை. அதையும் அம்மாதான் செய்தாள். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அதிகாரி ஹேண்டிலைத் திருப்பினார். தடங்கலில்லாமல் திரும்பியது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அப்பா ஓடிய ஓட்டத்தை நான் விருந்தாளிகளுக்கெல்லாம் நடித்துக் காட்டுவேன். கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் அம்மா தடுத்தாள். நான் பிறக்குமுன் கம்பெனி விபத்தில் இறந்த பெரியப்பா, மூடி இறுகிய மருந்து டப்பாவை இரும்பால் தட்டினாராம். பக்கத்தில் நின்ற அப்பா பொறியைப் பார்த்ததும் ஓடித் தப்பித்துவிட்டார். அண்ணன் கையைப் பிடித்து இழுக்கத் தோன்றவில்லையாம்.

அன்றைக்கு ரோடு வரைக்கும் அவர் என் கையை விடவே இல்லை. வலிக்குது, விடுங்கப்பா என்று நான்தான் கத்திக்கொண்டே போனேன்.