பெரிய வெள்ளியன்று பூட்டிக் கிடந்த பெட்டி

ஒஸ்லோவைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் கோடையில் போவார்கள். நான் நவம்பரில் போனேன், சண்டை போட. சொந்த ஊர் தூத்துக்குடி. இப்போது கென்யாவின் கிசுமு நகரில், விக்டோரியா ஏரிக்கரையில் மீன் விற்கும் பெண்களுக்குத் தவணையில் குளிர்பெட்டி கொடுக்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பெட்டியும் மென்பொருளும் ஒஸ்லோவில் இருக்கும் கூட்டாளி நிறுவனத்துடையவை. வேறு நாடுகளில் ஓடிய திட்டம் ஆப்பிரிக்காவிலும் ஓடும் என்று நம்பி இறக்கினோம். தவணை ஒரு நாள் தப்பினால் பெட்டி தானாகப் பூட்டிக்கொள்ளும், குளிர் நின்றுவிடும். திறக்கும் அதிகாரம் ஒஸ்லோவுக்கு மட்டும்.

கடந்த பெரிய வெள்ளிக்கு முன்னால் கிசுமுவில் கைபேசிப் பணப் பரிமாற்றம் முடங்கியது. அகின்யி என்ற வாடிக்கையாளர் கையில் பணத்தை வைத்துக்கொண்டே தவணை கட்ட முடியாமல் நின்றார். வியாழன் மாலை பெட்டி பூட்டிக்கொண்டது. மறுநாள் கத்தோலிக்கர்கள் இறைச்சியைத் தொடமாட்டார்கள், மீன் அள்ளிக்கொண்டு போகும். ஒஸ்லோவுக்கு அழைத்து அழைத்து ஓய்ந்தேன். வெள்ளிக்கிழமை, பெட்டி நிறைய இருந்த ஜிலேபி மீனைக் குழி தோண்டிப் புதைத்தோம். திறக்கும் அதிகாரம் கிசுமுவுக்கு வந்தால்தான் பெட்டியை வைத்துக்கொள்வேன் என்று அகின்யி சொல்லிவிட்டார். அதை வாங்கி வரத்தான் இந்தப் பயணம்.

கிசுமுவிலிருந்து நைரோபி ஒரு மணி நேரத்துக்குள். அங்கிருந்து ஐரோப்பாவில் ஒருமுறை விமானம் மாற வேண்டும். ஒஸ்லோ விமான நிலையம் நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர். சாதாரண ரயிலுக்கு நூற்று முப்பது நார்வே குரோனர் அளவில் ஆகும். விரைவு ரயில் கிட்டத்தட்ட இரு மடங்கு, மிச்சமாவது சில நிமிடங்கள்தான். வீண் செலவு. நான் வழியிலேயே லில்லெஸ்ட்ரோமில் இறங்கினேன். பூட்டு மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் அன்ரன் அண்ணன் அங்கேதான் இருக்கிறார். மன்னார்க்காரர். அதுவரை தொலைபேசியில் மட்டுமே பழக்கம்.

காரில் ஏறியதும் அவரே ஆரம்பித்தார். "தம்பி, ஈஸ்டருக்கு இஞ்சை ஒருத்தரும் இருக்கமாட்டினம். எல்லாரும் மலைக்குப் போயிடுவினம். நான் கோயில்லை சிலுவைப்பாதையிலை நிண்டனான். ஃபோனை நிப்பாட்டி வைச்சிட்டன்."

"அன்னைக்கு மீனுக்கு எவ்வளவு கிராக்கின்னு உங்களுக்குத் தெரியாதாண்ணே?"

"ஓம், தெரியும். நானும் அண்டைக்கு மீன்தான் திண்டனான். உந்தப் பூட்டை எழுதேக்கை அது நினைவுக்கு வரேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மனிதர் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சந்திப்பு, ஒஸ்லோ துறைமுகத்தருகே ஒரு கண்ணாடிக் கட்டடத்தில். கூட்டாளி நிறுவனத்தின் மேலாளர் அம்மையார் தன் கையாலேயே காப்பி ஊற்றிக் கொடுத்தார். பேச்சு ஆங்கிலத்தில். "பூட்டுக்குப் பயந்துதான் தவணை கட்டுகிறார்கள். பூட்டை எடுத்தால் முதலீட்டாளர்கள் போய்விடுவார்கள்" என்றார்.

"எடுக்க வேண்டாம். திறக்கும் அதிகாரத்தை மட்டும் எங்களுக்குக் கொடுங்கள்."

"நீங்கள் அவர்களோடு பழகுகிறவர். கேட்டால் திறந்துவிடுவீர்கள்."

திறந்துவிடுவேன் என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. அன்ரன் அண்ணன் குறுக்கிட்டு, விடுமுறை நாட்களில் தானே பொறுப்பேற்பதாகச் சொன்னார். விடுமுறையில் ஊழியரை வேலை வாங்குவது தங்கள் வழக்கமில்லை என்று அம்மையார் கனிவாக மறுத்துவிட்டார். எவ்வளவு நல்ல வழக்கம்! கோபப்படக்கூட வழியில்லை.

"குறை நினையாதை தம்பி" என்றார் அண்ணன், ரயில் நிலையத்தில். நான் அகின்யியை அழைத்தேன்.

"திறக்கும் அதிகாரம் உங்களுக்கு வந்துவிட்டதா?"

"இல்லை."

"அப்படியானால் பெட்டியை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஐஸ்காரர் ஞாயிற்றுக்கிழமையும் கடைக் கதவைத் திறப்பார்."

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நவம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், வழுக்காத காலணி அவசியம். கடையில் ஒரு காப்பி ஐம்பது குரோனரை நெருங்கும். ஈஸ்டர் வாரத்தில் எந்த அலுவலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டு இயந்திரத்தை உங்கள் ஊருக்கு இறக்கும் எண்ணமிருந்தால், விலைக்கு முன்னால் அது நின்றுபோனால் யார் திறப்பார், அவருக்கு எந்த நாட்டு விடுமுறை என்று கேளுங்கள்.

கிசுமு திரும்பியதும் வண்டி பிடித்து அகின்யி வீட்டுக்குப் போனேன். பெட்டியைக் கழுவித் துடைத்து வாசலில் வைத்திருந்தார். அடுத்த இரண்டு வீட்டுப் பெட்டிகளும் வெளியே வந்திருந்தன.