ரிசப்ஷனில் தாவிய ஊசி

திண்டிவனத்தில் அக்காவின் கல்யாண ரிசப்ஷன். டிஜே நான்தான். அதை வெளியே சொல்லவே கூச்சப்படும் அப்பா முன்வரிசையில் இருந்தார்.

டர்ன்டேபிளில் இசைத்தட்டு சுழன்றதும் ஊசி தாவித் தாவிப் பாட்டு அறுந்தது.

"இன்னாம்மா பண்ணிக்கினு இருக்க? ஜல்தியா பென்டிரைவ் போடு" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊசியை மாற்றியும் பயனில்லை. பிறகுதான் கவனித்தேன்: மேடையில் ஆடுகிறவர்கள் குதிக்கும்போது மட்டுமே ஊசி தாவியது. அதே பலகை மேடையில் இருந்த என் மேசையும் சேர்ந்து உலுங்கியது.

சமையல்கட்டிலிருந்து அரிசி மூட்டையை வரவழைத்து மேசையில் கிடத்தி, அதிர்வை அரிசி வாங்கிக்கொள்ளட்டும் என்று அதன்மேல் டர்ன்டேபிளை வைத்துப் பாட்டைப் போட்டேன்.

அப்பா மேடையேறினார். வேட்டியை மடித்துக் கட்டித் தொம்மென்று குதித்தார். பாட்டு அறுபடவில்லை.

"எம்பொண்ணு டிஜேங்க! நீங்களும் வந்து குதிச்சிப் பாருங்க" என்று மாப்பிள்ளையின் பெரியப்பாவைக் கூப்பிட்டார்.

எத்தனையோ கைதட்டல்கள் வாங்கிவிட்டேன். அப்பா குதித்த அந்தச் சத்தத்துக்கு எதுவும் ஈடில்லை.